பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருபவை

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில இலக்கணத்தில் டிடெர்மினர் என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம், எல்லாம் தெரிந்த சொற்கள்தான். எ, ஆன், தி, மை, திஸ், எவ்ரி, ஸம், மெனி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து எது, யாருடையது, எவ்வளவு என்று காட்டுபவை.

தமிழில் 'புத்தகம் வாங்கினேன்' என்றால் போதும். ஆங்கிலத்தில் 'ஐ பாட் புக்' என்றால் போதாது. எண்ணக்கூடிய பொருள் ஒருமையில் வந்தால் தனியே நிற்காது. எ புக், தி புக், மை புக், திஸ் புக் என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்தே ஆகவேண்டும். 'கோ டு ஸ்கூல்', 'பை பஸ்' போன்ற சில வழக்குகள் விலக்கு, அவ்வளவுதான். மறுபடியும் சொல்கிறேன்: எண்ண முடியுமா, ஒருமையா? இரண்டுக்கும் ஆம் என்றால் முன்னால் ஒரு டிடெர்மினர் கட்டாயம்.

வேண்டிய இடத்தில் விடுகிற நாமே, வேண்டாத இடத்தில் சேர்த்தும் விடுகிறோம். விடுப்புக் கடிதத்தைப் பாருங்கள். 'ஆஸ் ஐ ஹேவ் ஆன் அர்ஜென்ட் வொர்க் அட் ஹோம்.' தலைமுறை தலைமுறையாக எழுதுகிறோம். 'வீட்டில் ஒரு வேலை இருக்கிறது' என்பதில் உள்ள 'ஒரு' அப்படியே அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் வொர்க் என்பதை இந்தப் பொருளில் ஆங்கிலம் எண்ணுவதில்லை. எண்ணாததற்கு 'ஆன்' வராது. 'ஸம் அர்ஜென்ட் வொர்க்' என்று எழுதுங்கள். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் இதே இனம். முன்னால் 'எ', 'ஆன்' கூடாது, கடைசியில் பன்மை 'ஸ்' கூடாது. பிள்ளைகள் கடிதம் எழுதும்போது பெற்றோர் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அடுத்தது, எ, தி, மை, திஸ் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாற்காலி. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடமில்லை. 'மை எ ஃப்ரெண்ட்' வராது, 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' வரும். ஆல், போத் போன்றவை இதற்கு முன்னால் வரலாம், எண்கள் பின்னால் வரலாம்: 'ஆல் மை த்ரீ சிஸ்டர்ஸ்.' இன்னொன்று, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்கிறோமே, அங்கே 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மை வேண்டும். பல நண்பர்களில் ஒருவர் அல்லவா? வினை மட்டும் ஒருமை: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்.'

எ வருமா, ஆன் வருமா என்பதைக் காதுதான் தீர்மானிக்கும், எழுத்து அல்ல. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஆன், மெய்யொலியில் தொடங்கினால் எ. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற ஆங்கிலச் சொல்லில் எழுதும் 'ஹெச்' ஒலிப்பதில்லை, அதனால் 'ஆன் அவர்'. யுனிவர்சிட்டி 'யு' என்று தொடங்குகிறது, அதனால் 'எ யுனிவர்சிட்டி'. எம்.எல்.ஏ. 'எ' ஒலியில் தொடங்குகிறது, 'ஆன் எம்.எல்.ஏ.' சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. ஃபியூவும் எ ஃபியூவும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 'எ ஃபியூ' என்றால் சில உண்டு, வெறும் 'ஃபியூ' என்றால் ஏறக்குறைய இல்லை. எண்ணாதவற்றுக்கு எ லிட்டில், லிட்டில். 'தேர் இஸ் எ லிட்டில் மில்க்' என்றால் காபி போடலாம். 'தேர் இஸ் லிட்டில் மில்க்' என்றால் கடைக்குப் போகவேண்டியதுதான். வணக்கம்.