ஒப்பாரிக் கோச்சியும் இரண்டு கையெழுத்தும்

வணக்கம் நேயர்களே. அரசியல் அதிகாரமும் அறமும் என்று தலைப்புத் தந்து என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய தலைப்பு. எனக்கு அதை ஒரு ரயில் நிலையத்திலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

என் அம்மாயி இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய தங்கை எழுபதுகளின் தொடக்கத்தில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார். ஏறியவர்களும் வழியனுப்பப் போனவர்களும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் அந்த ரயிலுக்கே மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அம்மாயி சாகும்வரைக்கும் தங்கையைப் பார்க்கவில்லை.

அந்தக் கோச்சியை ஓட வைத்தது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போன இந்திய வம்சாவளி மக்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் பார்த்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் பார்த்தார்கள், ஆளுக்கு 75 ஆயிரம், தேங்காயை உடைத்த மாதிரி. எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும் என்று கேட்டு, ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டங்களுக்கு விண்ணப்பப் படிவம் வந்தது உண்மைதான், ஆனால் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை பேர் போக வேண்டும் என்பது அந்த மக்களைக் கேட்காமலே முடிவாகியிருந்தது.

இதில் என்னை வருடக்கணக்காகக் குடைவது சாஸ்திரிதான். 1956 நவம்பரில் தமிழ்நாட்டில் அரியலூருக்குப் பக்கத்தில் வெள்ளத்தில் பாலம் சேதமாகி ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர் அப்போது ரயில்வே அமைச்சர். ரயிலை அவர் ஓட்டவில்லை, பாலத்தை அவர் கட்டவில்லை, ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று பதவி விலகினார். மனசாட்சி இல்லாத மனுசன் செய்கிற காரியமா அது? சிறிமாவோவையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது, 1962 டிசெம்பரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சமாதானம் தேடி அணிசேரா ஆறு நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவர் அவர். அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து எப்படி இந்தக் கணக்கைப் போட்டார்கள்?

நான் கண்டுபிடித்த பதில் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பிராவில்தான் இருக்கிறது. அம்மாயி ரொட்டி சுட்டுப் பிய்த்துக் கொடுப்பார், நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஒருத்தனுக்குக் கொஞ்சம் பெரிதாகப் போனால் உடனே, ‘ஏன் அம்மாயி அவனுக்கு மட்டும்?’ என்று கேட்போம். அவர் அதட்ட மாட்டார். ‘அவன் காலையில சாப்பிடல்ல’ என்று காரணம் சொல்லுவார், காரணம் இல்லாவிட்டால் இன்னொரு துண்டு பிய்த்துத் தருவார். அறம் என்பதன் வேர் எனக்குத் தெரிந்து அங்கேதான். பங்கு வைக்கிறவர் கேட்கிறவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அரியலூரில் செத்தவர்களுக்காகக் கேட்க டில்லிப் பாராளுமன்றத்தில் ஆள் இருந்தது. தோட்டத்து மக்களுக்கோ, 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் என்ற தங்கள் கட்சியிலிருந்து ஏழு பேரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்களுக்கு, அடுத்த தேர்தலுக்குள் வாக்குரிமையே பறிபோய்விட்டது. இந்தியாவிலும் வாக்கில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஒப்பந்தத்தை எதிர்த்தார்தான், ஆனால் எந்தப் பிரதமரையும் தோற்கடிக்க அந்த ஒன்பதே முக்கால் இலட்சம் பேருக்கும் வழி இல்லை. நாடற்றவர் என்ற கதை சட்டத்தில் முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. 55 வருடம்!

சரி, இது பழைய கதை என்பீர்கள். நம் அரசியலமைப்பின் 157ஆவது உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால், தேசியப் பாதுகாப்புக்காகத் தவிர வேறெதற்காகவும் அதை மீறி ஒரு சட்டம்கூடக் கொண்டுவர முடியாது. பணத்துக்கு அவ்வளவு காவல். மனிதர்களை இங்கிருந்து அங்கே அனுப்பும் ஒப்பந்தத்துக்கு அப்படி ஓர் உறுப்புரை கிடையாது. 2025 ஏப்ரலில் கொழும்பில் இந்தியாவுடன் பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானபோதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள் என எதிர்க்கட்சிகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது நல்லதாகவே இருக்கட்டும், கையெழுத்துக்கு முன்னால் காட்டுவதில் என்ன கஷ்டம்?

நான் இப்போது கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் தண்ணீரையும் பற்றித்தான் கேட்போம். அடுத்த முறை வருகிறவரிடம், வெளிநாட்டோடு செய்கிற ஒப்பந்தத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் முதலில் சபையில் வைப்பீர்களா, அதனால் பாதிக்கப்படப் போகிற ஆட்களைக் கூப்பிட்டுப் பேச விடுவீர்களா என்று நான் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.