கடல் கடந்த உழைப்பும் வாக்குச்சீட்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையிலும் வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பொருளியல்துறைப் பேராசிரியப் பெருமக்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் உரையாற்றிய பேராசிரியர் அவர்களின் அன்பான அறிமுகத்துக்கு என் பணிவான நன்றி.

‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பது நம் முதுமொழி. அவ்வாறு தேடி இலங்கைக்கு அனுப்பப்படும் பணத்தை வணிகவாதிகள், ஆங்கிலப் பொருளியலாளர் கெயின்ஸ், 1985இல் ஒடெட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் எடுத்துரைத்த தொழிலாளர் புலம்பெயர்வின் புதிய பொருளியல் ஆகிய மூன்று சிந்தனைகளின் வழியே நோக்க எண்ணியுள்ளேன்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிகவாதி தோமஸ் மன், அயலாருக்கு விற்பது அவர்களிடம் வாங்குவதைவிட மிகுந்திருந்தால்தான் நாட்டின் செல்வம் பெருகும் என்றார். நம் அரசாங்கங்கள் இன்றும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கின்றன. டொலர் வந்ததா என்று கேட்கின்றன, அனுப்பியவரின் நிலையைக் கேட்பதில்லை. 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர் வந்தது. 2021இல் டொலரின் விலையை 203 ரூபாய் அளவில் பிடித்து வைத்தார்கள். வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்ததால் பணம் வங்கியை விட்டு விலகிச் சென்றது. 2022இல் வரவு 3.8 பில்லியனாகச் சுருங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றதற்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றில் ஒன்று.

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு தாயை நான் அறிவேன். மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். வெள்ளத்தில் வேளாண்மை அழிந்த ஆண்டில், விதை நெல்லுக்கும் தம்பியின் படிப்புக்கும் மகளின் பணமே கைகொடுத்தது. புலம்பெயர்தல் தனியாளின் ஆசையன்று, குடும்பம் இடர்களுக்கு எதிராகச் செய்துகொள்ளும் காப்புறுதி என்று ஸ்டார்க் விளக்கியதை அந்த வீட்டின் முற்றத்திலேயே காணலாம். நெருக்கடிக் காலத்தில் “வங்கியாலேயே அனுப்புங்கள்” என்று அரசாங்கம் கேட்டபோது, உண்டியலில் கிடைக்கும் கூடுதல் பணத்தை விட்டுவிட்டு அந்தப் பெண் வங்கியிலேயே போட்டாள். 2024 செப்டம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல் நாள். விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. “அம்மா, என்ட வோட்டையும் சேத்துப் போட்டுட்டு வாங்க” என்றாளாம். தாய் சிரித்துவிட்டு, வாக்குச்சாவடி வரிசையில் நின்று அழுதிருக்கிறாள்.

‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று ஊர் அனுப்பிவைத்தது. ஓடிய இடத்திலிருந்து வாக்களிக்க நாடு வழி செய்யவில்லை. இங்கே அரச ஊழியருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. பிலிப்பைன்ஸ் 2003இலேயே சட்டம் இயற்றி, கடல் கடந்து உழைக்கும் தன் குடிமக்களுக்கு வாக்குரிமை வழங்கியது. செலவு அதிகம் என்பாரிடம் ஒன்று கேட்கிறேன்: 2024இல் மட்டும் ஆறரை பில்லியன் டொலருக்கு மேல் அனுப்பியவர்களுக்குத் தூதரகங்களில் வாக்குப்பெட்டி வைப்பது இந்த நாட்டுக்குப் பெருஞ்செலவா? அனுப்பிய பணம் ஊர்க்கடைகளில் பெருகுவதைப் பற்றிக் கெயின்ஸின் வழியில் பேசலாம். அதைவிட அவசரமானது இந்த உரிமை என்று கருதுகிறேன்.

தலைவர் அவர்களின் அனுமதியுடன், தேர்தல் ஆணைக்குழுவுக்கான மனு வாசலில் வைக்கப்பட்டுள்ளது. கையொப்பத்துடன், உங்கள் வீட்டவர் எந்த நாட்டில் பணிபுரிகிறார் என்பதையும் எழுதுங்கள். எந்தத் தூதரகத்தில் முதலில் வாக்குச்சாவடி கேட்பது என்பதை அதைக்கொண்டே முடிவு செய்வோம்.