கண் திறக்கும் முன்பே ஓர் ஒத்திகை

[காட்சி: விடியற்காலை. வைகைப் பாலத்தின் மேலிருந்து ஆற்றுக்குள் நிற்கும் கூட்டம்]

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்துக்குள் நின்றிருக்கிறீர்களா? ‘கோவிந்தா’ என்ற குரல் எங்கும் ஒரே நொடியில் எழுவதில்லை. குதிரை வாகனம் முதலில் கண்ணில் பட்ட இடத்தில் கிளம்பி, ஆளுக்கு ஆள் தாவி, அலையாக நம்மைக் கடந்து போகும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும், எந்தெந்தக் குரல்கள் சேர்ந்து எழுகின்றன என்பதை வைத்தே யாருக்குப் பக்கத்தில் யார் என்று சொல்லிவிடலாம். இந்த அலையை நினைவில் வையுங்கள்; கண் திறக்கும் முன்பே மூளை தன் இணைப்புகளை எப்படி அமைத்துக்கொள்கிறது என்று பார்க்கும்போது தேவைப்படும்.

[வரைபடம்: கருவின் மூளை, குறுக்குவெட்டு]

பெருமூளையைப் போர்த்தியிருக்கும் புறணி இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான். வளர்ந்தவரிடம் அதற்குள் சுமார் 1,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பெரும்பகுதியில் ஆறு அடுக்குகளாக. ஆனால் அவை அங்கே பிறந்தவை அல்ல. பெரும்பாலானவை மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகளின் ஓரத்தில் பிறக்கின்றன. ரேடியல் கிளியா என்னும் செல்களின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு, வடம் பிடித்து ஏறுவதுபோல வெளிப்புறம் நகர்கின்றன.

முந்தி வந்தவை உள்ளடுக்கில் அமர்ந்துவிடும். பிந்தி வருபவை அவற்றைத் தாண்டி இன்னும் வெளியே போக வேண்டும். மதுரை என்றாலே கோயில் வீதிகளை இழுத்துவிடுவார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இருக்கும் அவை இங்கே பொருந்துகின்றன: சித்திரை வீதியில் இடமில்லை, ஆவணி மூல வீதிக்குப் போ, அங்கும் இல்லையா, மாசி வீதி. இந்த ஒழுங்குக்கு ரீலின் என்ற புரதம் தேவை. 1951இல் விவரிக்கப்பட்ட தள்ளாடும் சுண்டெலி வகையில் அந்தப் புரதம் சரியாக உருவாவதில்லை. அதன் புறணி அடுக்குகள் ஏறக்குறையத் தலைகீழாகக் கிடக்கின்றன.

எந்தப் பகுதி பார்வைக்கு, எந்தப் பகுதி தொடுகைக்கு என்பதன் முதல் கோடுகளை மரபணுக்கள் போடுகின்றன. மிச்சத்தை முடிப்பது நியூரான்களின் மின்துடிப்பு.

[அசைவூட்டம்: விழித்திரையில் பரவும் அலை]

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கண் இன்னும் திறக்கவில்லை, பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் விழித்திரை சும்மா இருப்பதில்லை. ஓரிடத்தில் சில செல்கள் தாமாகத் துடிக்க, பக்கத்துச் செல்களும் துடிக்க, அலை பரவுகிறது. ஃபெரெட் என்ற சிறு விலங்கின் குட்டிகளிலும் பூனைக் கருக்களிலும் இதை 1991இல் பதிவுசெய்து காட்டினார்கள். மூளைக்கு விழித்திரையின் படம் யாரும் கொடுக்கவில்லை. சேர்ந்து துடிப்பவை அக்கம்பக்கத்தவை என்று கொண்டு, அந்த இணைப்புகளை அருகருகே இறுக்கிக்கொள்கிறது. ஆற்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற நீங்கள் செய்ததும் அதுதான். இரண்டு கண்களின் அலைகளும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. அதனால் இடக்கண் எது, வலக்கண் எது என்பதும் பிரிபடத் தொடங்குகிறது.

[காட்சி: தொட்டிலில் குழந்தை]

பிறந்தபின் நிஜமான ஒளி வருகிறது, போட்டியும் வருகிறது. நரம்பியல் ஆய்வாளர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மட்டும் சில வாரங்கள் மூடிவைத்தார்கள். திறந்த பிறகு அந்தக் கண் நன்றாகவே இருந்தது; புறணியில்தான் அதற்கு இடமில்லை. திறந்திருந்த கண் வளைத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையில் அப்படி நடக்கவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் மதுரை. இங்கே கண்புரை என்றால் தாத்தா பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். பிறவிக் கண்புரையும் உண்டு. தாத்தாவின் அறுவை சிகிச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனாலும் பார்வை திரும்பும். குழந்தைக்கு “கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்” என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை என்றால், ஏறக்குறைய ஆறு வார வயதுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள். கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

புரையை எடுத்த பிறகு மருத்துவர் நல்ல கண்ணின்மேல் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போடச் சொல்வார். குழந்தை அழும், பிய்த்துப் போடும். “நன்றாக இருக்கிற கண்ணை ஏன் டாக்டர் மூட வேண்டும்?” என்று அம்மா கேட்பார். புறணியில் மற்றக் கண்ணின் இடத்தையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.