மூன்று பக்கமும் ஆறு, மேலே குடத்துக்குத் தண்ணீர் இல்லை: டொலேடோவின் கதை

(காட்சி: சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை டீத்தூள்.)

ஸ்பூனால் நாலு சுற்று கலக்கிவிட்டு எடுத்துவிடுகிறேன். இப்போது தூளைப் பாருங்கள். சுழல்கிற தண்ணீர் அதை ஓரத்துக்குத் தள்ளும் என்றுதானே நினைப்போம்? தூள் அடியில், நட்டநடுவில் வந்து குவிகிறது.

டம்ளரின் அடியை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீருக்கு வேகம் குறைந்துவிடுகிறது. மேலே வேகமாகச் சுழலும் தண்ணீர் ஓரத்தில் போய் அழுத்த, அடித்தண்ணீர் நடுவை நோக்கி நகர்ந்து தூளையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆறு ஏன் நெளிந்து ஓடுகிறது என்பதை 1926-ல் ஐன்ஸ்டீன் விளக்கியது இந்த டீத்தூளை வைத்துத்தான்.

(காட்சி: மறைமலை அடிகள் பாலத்திலிருந்து அடையாறு.)

ஆற்றின் வளைவிலும் இதேதான் நடக்கிறது. வெளிக்கரையில் வேகம் அதிகம், கரை அரிபடும். அடித்தண்ணீர் மணலை உள்கரைப் பக்கம் ஒதுக்கி மேடாக்கும். இப்படியே வருஷத்துக்கு வருஷம் வளைவு பெரிதாகும். பள்ளிப் புத்தகத்தில் மியாண்டர் என்று படித்தோமே, அது இதுதான். வளைவின் கழுத்து ரொம்பக் குறுகிவிட்டால் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். கைவிட்ட பழைய வளைவு குருட்டு ஆறாகத் தேங்கி நிற்கும்.

மண் இளகி இருக்கும் சமவெளியில் இது சரி. ஆறு வளைந்த பிறகு, தடம் மாறவே முடியாமல் மாட்டிக்கொண்டால்?

(காட்சி: ஸ்பெயின் வரைபடம். பிறகு வானிலிருந்து டொலேடோ.)

இது ஸ்பெயினில் ஓடும் டேகஸ் ஆறு. அந்த ஊர்க்காரர்கள் தாஹோ என்பார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, லிஸ்பன் அருகே அட்லாண்டிக்கில் கலக்கிறது. வெகு காலத்துக்கு முன் இங்கே இது மென்மையான படிவுகளின் மேல்தான் ஓடியது. மண்ணை அரித்துக் கீழே இறங்க இறங்க, அடியில் புதைந்திருந்த கடும்பாறை தட்டுப்பட்டது. அதற்குள் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டதால் விலகிப் போக வழியில்லை. அதே வளைவில் பாறையையே அறுத்துக்கொண்டு இறங்கியது. கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் கிடுகிடு பள்ளம். நடுவில் தப்பி நின்ற பாறை மேட்டில்தான் டொலேடோ நகரம் இருக்கிறது.

எதிரி வரக்கூடிய தரைவழி வடக்குப் பக்கம் மட்டும்தான். அங்கே மதில் கட்டினால் போதும். ரோமானியர் இருந்தார்கள், பிறகு விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைநகரம், 8-ஆம் நூற்றாண்டில் இருந்து முஸ்லிம் ஆட்சி, 1085-ல் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோ கைப்பற்றினார். அப்புறம் 12-ஆம் நூற்றாண்டில் அரபு மொழியிலிருந்த கணிதமும் மருத்துவமும் இங்கே லத்தீனுக்குப் பெயர்ந்து ஐரோப்பாவுக்குப் போயின. அதற்கே தனி வீடியோ போடலாம்.

எனக்கு இந்த ஊர் மேல் பிடிப்பு வந்தது வேறு காரணத்தால். ஆறு அத்தனை பக்கத்தில் இருந்தும், தண்ணீர் ஏறக்குறைய 100 மீட்டர் கீழே!

2019 கோடையில் எங்கள் தெருவில் லாரி வரும் ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடுவோம். வீடு மூன்றாவது மாடி. இடுப்பில் குடம், படியெல்லாம் ஈரம், இரண்டாவது மாடி திருப்பத்தில் அம்மா குடத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்குவார். அது பத்து மீட்டர் உயரம்கூட இருக்காது. டொலேடோவில் அதைப்போல் பத்து மடங்கு. கழுதை மேல் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மலையேறுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அசகான் என்று பெயர், அரபியிலிருந்து வந்த சொல்.

(காட்சி: கோட்டோவியம். ஆற்றில் சக்கரம், சரிவில் மேலே மேலே அடுக்கிய கிண்ணங்கள்.)

இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து வந்த கடிகாரக்காரர் ஹுவானெலோ துரியானோ இதற்கு வழி கண்டுபிடித்தார். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும். அந்த அசைவில் ஒரு உலோகக் கிண்ணம் சாய்ந்து அடுத்ததில் ஊற்றும், அது அதற்கு மேலுள்ளதில் ஊற்றும். நம் ஏற்றத்தை வரிசையாக மலைச்சரிவில் நட்டு, ஆளுக்குப் பதில் ஆற்றையே மிதிக்க விட்டது மாதிரி. 1569-ல் தண்ணீர் உச்சியிலிருந்த அல்காசர் கோட்டையை எட்டியது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். நம் கணக்கில் ஒரு லாரி லோடு, இரவும் பகலும் சொட்டு சொட்டாக ஏறியது.

ஆனால் தண்ணீரைக் கோட்டை வைத்துக்கொண்டது. தங்களுக்கு வரவில்லை என்று நகரத்தார் பணம் தரவில்லை. ஊருக்காக இரண்டாவது இயந்திரம் 1581-ல் முடிந்தது. 1585-ல் துரியானோ வறுமையில் இறந்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் மனசு கனத்துப்போகிறது.

(காட்சி: டொலேடோவில் ஆற்றுக்கரை. தண்ணீர் மேல் வெள்ளை நுரை.)

20-ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட டொலேடோ மக்கள் கோடையில் இந்தக் கரைகளில் நீந்தினார்கள். மாட்ரிட்டின் கழிவு ஹராமா என்ற துணையாற்றின் வழியே வந்து சேர்ந்தது. 1972-ல் குளிக்கத் தடை போட்டார்கள். 1979-ல் மேலே தலைப்பகுதியிலிருந்து தென்கிழக்கே செகுரா என்ற வேறொரு ஆற்றின் படுகைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட, நல்ல தண்ணீர் வரத்தும் குறைந்தது. ஆற்றை மீட்கச் சொல்லி ஊர்க்காரர்கள் இன்றும் தெருவில் இறங்குகிறார்கள்.

(காட்சி: மறுபடி சைதாப்பேட்டை. பாலத்துக் கைப்பிடி, கீழே கறுத்த தண்ணீர்.)

இதே அடையாற்றில் குளித்ததாக என் தாத்தா சொல்லியிருக்கிறார். எந்த இடம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் இல்லை. உங்கள் வீட்டில் அப்படிக் குளித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் படித்துறை, தண்ணீர் எதுவரை இருந்தது என்று இன்றைக்கே கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய் எடுக்கப் போகிறேன்.