குழந்தைக்கு முதலில் இரண்டு வண்ணம் கொடுங்கள்

வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது மழைச் சத்தம். ஜன்னலைச் சாத்தினால் அறை புழுங்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓவியக் குழுவில் குழந்தைகளுக்கு அரூப ஓவியம், அதாவது உருவம் எதுவும் வரையாமல் வண்ணமும் தீற்றும் மட்டுமே கொண்ட ஓவியம், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்று அதைப் பற்றித்தான் பேச்சு.

"உன் இஷ்டம்போல் வரை" என்று வெள்ளைத் தாளை நீட்டாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம்தான் வரும். பன்னிரண்டு வண்ணப் பெட்டியைத் திறந்து கொடுத்தாலோ, எல்லாவற்றையும் குழப்பிக் கடைசியில் சேற்று நிறத்தில் வந்து நிற்பார்கள். அரூப ஓவியத்துக்குக் கட்டுப்பாடு தேவை. குழந்தைக்கு இன்னும் அதிகமாகவே தேவை. அதனால் முதல் வகுப்பில் நான் கொடுப்பது மஞ்சளும் நீலமும் மட்டுமே, துணைக்கு வெள்ளை.

மஞ்சளை முதலில் தட்டில் எடுக்க வேண்டும். நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு அதில் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், நீலத்தின் அழுத்தத்தை வெல்ல மஞ்சள் டப்பா பாதி காலியாகிவிடும். ஒவ்வொரு தொடுதலுக்கும் தாளில் ஒரு தீற்று. ஒரு சிறுமி, "அக்கா, இது வாழைக்குருத்து, இது கறிவேப்பிலை, இது மழையில் நனைந்த கறிவேப்பிலை" என்று ஒவ்வொரு பச்சைக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனாள். எந்த உருவமும் வரையாமலேயே அவள் அவ்வளவு கூர்ந்து பார்த்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது ஒலி. பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு நடக்கிறது. இடந்தலையில் 'தொம்' விழும்போது பட்டைத் தூரிகை, வலந்தலையில் 'நம்' கேட்கும்போது மெல்லிய நுனி. அவ்வளவுதான் விதி. இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி ஓர் ஓவியம் தீட்டினார். மஞ்சள் பொங்கி வழியும். மேலே பியானோ ஒரு கருந்திரளாக நிற்கும். அந்தப் படத்தைக் காட்டியபோது என் மாணவர்கள் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "இசை ரொம்பச் சத்தமாக இருந்திருக்கும்" என்றான் ஒருவன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அரூப ஓவியர் கெய்தொண்டேயைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிருந்து லோக்கல் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1948-இல் பட்டயம் பெற்றவர். உருளையாலும் வண்ணக் கத்தியாலும் அடுக்கடுக்காக வண்ணம் பரப்பி, சுரண்டி எடுத்து, மறுபடி பரப்புவார். பிள்ளைகளுக்குக் கத்தி வேண்டாம், பழைய அட்டையின் ஓரம் போதும். ஈர வண்ணத்தை அதனால் வழித்தால் அடியில் காய்ந்திருக்கும் வண்ணம் எட்டிப் பார்க்கும். அடி அடுக்கு நன்றாகக் காய வேண்டும் என்பதுதான் கஷ்டம். மும்பை மழையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் போஸ்டர் கலர் சீக்கிரம் காயாது. அந்தக் காத்திருப்பையும் பாடமாகவே வைத்திருக்கிறேன். தாளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்வேன். போதுமா, இன்னும் வேண்டுமா என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "இது என்ன?" என்று கேட்காதீர்கள். ஓர் அப்பா பாசத்தோடுதான், "அட, யானை மாதிரி இருக்கிறதே!" என்றார். பையன் உடனே தூரிகையை எடுத்துத் தும்பிக்கை வரைந்துவிட்டான். அழகான சாம்பல் நீலம் ஒன்று அதற்கு அடியில் போய்விட்டது. "எங்கே தொடங்கினாய்? இதில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். விரலை வைத்துக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள்.

அடுத்த ஞாயிறு பழைய பல்துலக்கியும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் செய்து பார்ப்பவர்களும் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருகிறேன்.