புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பறந்தவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனசமூக நிலைய முற்றம் நிறைய வந்திருக்கும் ஊர்ச் சனமே, வணக்கம். விஞ்ஞானக் கதைகளில் வருவதுபோல, முன்னேறிய ஓர் உலகம் தன் தொழில்நுட்பத்தைப் பின்தங்கிய உலகத்துக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்பது கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒளியை மிஞ்சும் கப்பலைத் தானாகக் கண்டுபிடிக்காத உலகத்தில் தலையிடாதே என்று அங்கே ஒரு சட்டம். சாட்சிக்கு 1968இல் வந்த ஒரு கதை. ஒரு கிரகத்துக்குப் போன கப்பல், சிக்காகோ ரவுடிக் கும்பல்களைப் பற்றிய புத்தகத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. நூறு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஊரெல்லாம் தொப்பியும் துப்பாக்கியும். நீங்கள் கைதட்டினீர்கள். சரி, நானும்தான் தட்டினேன்.

ஆனால் தம்பி ஒன்றை விழுங்கிவிட்டார். அதே கப்பல் றேடியோ செய்யும் பாடப்புத்தகங்களையும் விட்டுப்போயிருந்தது. அதையும் அந்தச் சனம் படித்துத்தான் இருக்கிறது. மனிதர் எப்படி வாழ்வார்கள் என்று அறியக் கிடைத்ததோ ரவுடிப் புத்தகம் ஒன்றுதான். சந்தேகம் கேட்க ஓர் ஆள் இல்லை, நூறு வருடம் ஒருவரும் எட்டிப்பார்க்கவும் இல்லை. அப்ப, பிழை கொடுத்ததிலா, போட்டுவிட்டுப் பறந்ததிலா?

இறைக்கிற மெசின் வந்து எங்கள் கிணறுகள் உவர்த்துப்போயின, துலா மிதித்த காலத்தில் இந்தக் கரைச்சல் உண்டா என்றும் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். மெசின் விற்றவர் இதைச் சொல்லித் தரவில்லை. அரைவாசியைத் தந்துவிட்டு மற்ற அரைவாசியை மறைத்தால் கிணறு வேறென்ன செய்யும்?

வாங்குகிறவன் கொடுத்தவனுக்கு அடிமையாகிவிடுவான் என்பது அடுத்த பயம். அச்சு இயந்திரத்தை இங்கே மதம் பரப்பக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிமார். ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? 1849இல் சென்னைக்குப் போய்த் தானும் ஒன்று வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வைத்துச் சைவ நூல்களை அச்சடித்தார். அவர்களுடைய ஆயுதம், எங்களுடைய வேலை!

மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. 1990களில் யுத்தத்தின்போது அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும். பற்றறியை மறித்தவர்களும் காரணம் சொன்னார்கள், பாதுகாப்பாம். மேலே இருப்பவரிடம் காரணத்துக்கு என்றைக்குப் பஞ்சம்?

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் ஐயா என்னைவிட மூத்தவர், அந்தப் பெடலைக் கட்டாயம் சுற்றியிருப்பார். "உங்களுக்கு இது வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்னவர்களின் பக்கத்தில் இன்றைக்கு ஏன் போய் நிற்கிறார் என்று அவரே வந்து சொல்லட்டும்.