பாஸ் மீனுக்கு ராடு வாங்கப் போறீங்களா? மொதல்ல தண்ணியைப் பாருங்க

வணக்கம் மக்களே. கேமராவை ராடுக்கு, அதாவது தூண்டில் கம்புக்குக் கிட்ட கொண்டு வர்றேன். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கு பாருங்க. 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். லைன் 12ல இருந்து 20 பவுண்டு, அதாவது லைன் அறுபடாம தாங்கற பலம். லூர், அதாவது பொய் இரை, கால் அவுன்ஸ்ல இருந்து ஒரு அவுன்ஸ். கடைக்குப் போறவங்க பாதிப் பேரு லைன் ஏத்தற ரீலைச் சுத்திப் பாத்து, "ஆஹா, வெண்ணெய் மாதிரி சுத்துது"ன்னு சொல்லிட்டு, இந்த வரியைப் படிக்காமலே பில் போட்டுட்டு வந்துடறாங்க. ரீல் எவ்வளவு வழுக்கிக்கிட்டு சுத்தினாலும் இந்த வரி உங்க லூருக்குப் பொருந்தலைன்னா தூரமும் போகாது, மீன் வாயில முள்ளும் மாட்டாது.

அமெரிக்கா, கனடா பக்கம் இருக்கற நம்மாளுங்க லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத்னு ரெண்டு வகை பாஸ் மீன் பிடிக்க ஆரம்பிக்கிறப்போ கேக்கற கேள்வி, "எந்த ராடு நல்ல ராடு?" அதுக்குப் பதிலே கிடையாது. உங்க ஏரியில என்ன இருக்கு? அதைப் பொறுத்துதான் லூர். லூரைப் பொறுத்து லைன். லைனையும் லூரையும் பொறுத்து ராடு. கடைசியாத்தான் ரீல்.

அந்த ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுப் பாத்துடுவோம். மீடியம் ஹெவிங்கறது பவர். ராடை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கறது. ஃபாஸ்ட்ங்கறது ஆக்‌ஷன். ராடு எந்த இடத்துல வளையுதுங்கறது. ஃபாஸ்ட்னா நுனிப்பக்கம் மட்டும் வளையும், அதுக்குக் கீழ விறைப்பா நிக்கும். மாடரேட்னா பாதி ராடு வரைக்கும் வில்லு மாதிரி வளையும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஹெவி ராடு மாடரேட்டாவும் இருக்கலாம், லைட் ராடு ஃபாஸ்ட்டாவும் இருக்கலாம். கடையில பாக்கணும்னா நுனியைக் கூரையில முட்டி அழுத்தாதீங்க, அது ராடு உடையற கோணம். வளையங்கள்ல லைனைக் கோத்து, கூட வந்தவரை லைனைப் பிடிச்சு மெதுவா இழுக்கச் சொல்லுங்க. வளைவு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

ஆக்‌ஷன் ஏன் முக்கியம்? புழு மாதிரி இருக்கற பிளாஸ்டிக் லூர்ல டெக்சாஸ் ரிக் கட்டறீங்கன்னு வைங்க. கால் அவுன்ஸ் புல்லட் ஈயம், 3/0 இல்லன்னா 4/0 சைஸ் முள், முள்ளோட நுனி பிளாஸ்டிக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மீன் கடிச்சதும் சுண்டற சுண்டுல முள்ளு பிளாஸ்டிக்கைக் கிழிச்சு வெளிய வந்து, அதுக்கப்புறம் மீனோட தாடையில ஏறணும். அதுக்கு விறைப்பு வேணும், ஃபாஸ்ட் வேணும். கிராங்க்பெய்ட், அதாவது சுத்தி இழுக்க இழுக்க ஆடிக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்கற மீன் வடிவ லூர், அப்படி இல்ல. அதுல ஏற்கெனவே மூணு முனைக் கொக்கி ரெண்டு தொங்குது. மெல்லிசுக் கம்பி, சின்ன முனை. விறைப்பான ராடுல சுண்டினா ஒண்ணு கொக்கி கழண்டு வரும், இல்லன்னா மீன் வாய் கிழியும். "கரை வரைக்கும் வந்து தப்பிச்சுடுச்சு"ன்னு புலம்பறவங்க கையில பெரும்பாலும் கிராங்க்பெய்ட்டும் ஃபாஸ்ட் ராடும் நூல் மாதிரி பின்னின, இழுபடாத பிரெய்டு லைனும் சேந்திருக்கும். கிராங்க்பெய்ட்டுக்கு மாடரேட் ராடு, 10ல இருந்து 14 பவுண்டு லைன். மீன் கடிச்சதும் சுண்டவே வேணாம், ராடைப் பக்கவாட்டுல சாச்சு சுத்திக்கிட்டே இருங்க.

இப்ப லைன். இதுல கொஞ்ச நேரம் நிப்போம், ஏன்னா காசு கம்மியா ஆகறதும் இதுலதான், தப்பு அதிகமா நடக்கறதும் இதுலதான்.

மூணு சுருள் வச்சிருக்கேன். மொத சுருள் மோனோ, நம்ம தங்கூசிதான், நைலான். நல்லா இழுபடும், தண்ணியில ரொம்ப மெதுவா இறங்கும், முடிச்சு சமத்தா இறுகும். விலையும் கம்மி. கெட்ட குணம் என்னன்னா, சுருள்லயே ரொம்ப நாள் கிடந்தா ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கும், வெயில் பட்டுப் பட்டு வலு போயிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்திடுங்க.

ரெண்டாவது ஃப்ளூரோகார்பன். தண்ணியோட ஒண்ணேமுக்கால் மடங்கு கனம், அதனால மூழ்கும். ஒளி வளையற அளவு தண்ணிக்கு 1.33, இதுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல. அதான் தெளிஞ்ச தண்ணியில இது சட்டுனு கண்ணுல படாது. கல்லுல உரசினாலும் தாங்கும். ஆனா விறைப்பான ஜாதி. ஸ்பின்னிங் ரீல்ல 8 பவுண்டுக்கு மேல சுத்தினீங்கன்னா வீசறப்ப வளையம் வளையமாத் துள்ளிக் குதிக்கும். முடிச்சுல இன்னொரு சிக்கல் இருக்கு. காஞ்சபடியே இறுக்கினா உரசற சூட்டுல அந்த இடமே வலு இழந்துடும். எச்சில் தடவி, மெதுவா இறுக்குங்க. இறுக்கினப்புறம் முடிச்சுக்கு மேல லைன் பன்னி வால் மாதிரி சுருண்டிருந்தா வெந்து போச்சுன்னு அர்த்தம். வெட்டிட்டு மறுபடி கட்டுங்க, அடம் பிடிக்காதீங்க.

மூணாவது பிரெய்டு, நூல் மாதிரி பின்னினது. இழுபடவே இழுபடாது, மிதக்கும், ஒல்லி. 10 பவுண்டு பிரெய்டு 2 பவுண்டு மோனோ தடிமன்தான் இருக்கும். 30 பவுண்டுக்கு 8, 50க்கு 12, 65க்கு 16. பெட்டியிலயே இந்த ரெண்டு எண்ணும் போட்டிருப்பாங்க.

"பாஸுக்கு எதுக்குங்க 65 பவுண்டு?" நியாயமான கேள்வி. 1932ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரி பிடிச்ச லார்ஜ்மவுத்தோட எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009ல ஜப்பான் பிவா ஏரியில மனாபு குரிட்டா அதைச் சமன் பண்ணினார். உலகச் சாதனையே அவ்வளவுதான். அந்த 65 பவுண்டு மீனுக்காக இல்ல, பாசிக்காக. ஃப்ளோரிடா ஓகீசோபி, அலபாமா கன்டர்ஸ்வில் மாதிரி பாசியும் கோரையும் மண்டிக் கிடக்கற ஏரியில தவளை லூரை மேல இழுக்கறீங்க. 3 பவுண்டு மீன் கவ்வுன உடனே தலையைக் கீழ விட்டுப் பாசிக்குள்ள புகுந்துக்கும். நீங்க தூக்கறது 3 பவுண்டு மீனையும் அது மேல சுத்தின 10 பவுண்டு பாசியையும். பிரெய்டு பாசித் தண்டை அறுத்துக்கிட்டே வரும், மோனோ அறுக்காது, மாட்டிக்கிட்டு நிக்கும். அங்க 50 இல்லன்னா 65 பவுண்டு பிரெய்டை நேரா லூர்லயே பாலமார் முடிச்சுப் போட்டுக் கட்டுங்க. ராடு 7 அடிக்குக் கொஞ்சம் மேல, ஹெவி. நம்ம ஊர்ல தாமரைக் குளத்துல விராலுக்குத் தவளை போட்டவங்களுக்கு இதுல ஒண்ணும் புதுசில்ல. அதே செட்டு, அதே பழக்கம். மீன் பாஞ்சு தண்ணி வெடிச்ச உடனே சுண்டாதீங்க, லூர் உள்ள போய் லைன்ல கனம் தெரியட்டும்.

அதே பிரெய்டை எடுத்துக்கிட்டு அமெரிக்கா-கனடா எல்லையில இருக்கற ஈரி ஏரி, செயின்ட் கிளேர் ஏரி பக்கம் ஸ்மால்மவுத்துக்குப் போனா கதை தலைகீழ். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவு, அடியில கல்லு, கல்லு மேல ஸீப்ரா மட்டி. அந்த மட்டி ஓட்டு விளிம்புல உரசினா பிரெய்டு இழை இழையாப் பிரிஞ்சு போயிடும். அங்க 10ல இருந்து 15 பவுண்டு பிரெய்டு, நுனியில 6 இல்லன்னா 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது லூர் கட்டற கடைசித் துண்டு, ஏழெட்டு அடி. ரெண்டையும் சேக்க டபுள் யூனி முடிச்சு போதும். பிரெய்டு பக்கம் 8 சுத்து, ஃப்ளூரோ பக்கம் 4, 5 சுத்து. பிரெய்டு வழுக்கும், அதுக்குத்தான் அந்தப் பக்கம் சுத்து அதிகம். அப்பப்ப லீடரோட கடைசி ரெண்டடியை விரல் நகத்துல ஓட்டிப் பாருங்க. சொரசொரன்னு பட்டா அந்தத் துண்டை வெட்டிடுங்க.

தண்ணி மேல நெளிஞ்சு நெளிஞ்சு போற டாப்வாட்டர் லூர் போடறவங்க ஒண்ணு கவனிங்க. ஃப்ளூரோகார்பன் வேணாம். அது மூழ்கி லூரோட மூக்கைக் கீழ இழுக்கும், லூர் நடக்காது. மோனோ போடுங்க, 15 பவுண்டு.

சரி, ரீலுக்கு வருவோம். ஸ்பின்னிங்கா, பேட்காஸ்டரா? இது அந்தஸ்துப் பிரச்சினை இல்ல, எடைப் பிரச்சினை. பேட்காஸ்டர்ல லூர் பறக்கறப்ப அதுதான் ஸ்பூலை, அதாவது லைன் சுத்தியிருக்கற உருளையை, இழுத்துச் சுத்த வைக்கணும். கால் அவுன்ஸுக்குக் கீழ, அதாவது 7 கிராமுக்குக் கீழ இருந்தா சாதாரண பேட்காஸ்டர் ஸ்பூலைச் சுத்த வைக்க அதுக்குத் தெம்பு பத்தாது. ஸ்பின்னிங்ல ஸ்பூல் அசையாது, லைன் மட்டும் உருவிக்கிட்டுப் போகும். அதனால டிராப் ஷாட், நெட் ரிக் (Ned rig) மாதிரி எடை கம்மியான லூர் கட்டெல்லாம் ஸ்பின்னிங். ஈயத்தலை வச்ச கனமான ஜிக், தவளை, தகடு சுழலற ஸ்பின்னர்பெய்ட் எல்லாம் பேட்காஸ்டர். ஸ்பின்னிங்னா 2500 இல்லன்னா 3000 சைஸ்.

பேட்காஸ்டர் வாங்கறப்ப ஒரு சின்ன விஷயம், ஆனா காசு போற விஷயம். ஸ்பின்னிங் ரீல்ல கைப்பிடியைக் கழட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாத்திக்கலாம். பேட்காஸ்டர்ல முடியாது. எந்தக் கையால சுத்துவீங்கன்னு முடிவு பண்ணிட்டு இடது, வலது பாத்து வாங்குங்க.

கியர் ரேஷியோ 7.1:1னா கைப்பிடி ஒரு சுத்துக்கு ஸ்பூல் 7.1 சுத்து. ஏறக்குறைய 30 இஞ்ச் லைன் உள்ள வரும். ஒரே ஒரு பேட்காஸ்டர்தான்னா 7க்குப் பக்கத்துல எடுங்க. ஆழமா இறங்கற கிராங்க்பெய்ட்டுக்கு மட்டும் 5 சொச்சம் நல்லது, கை வலிக்காது. வேகமான ரீலை மெதுவாச் சுத்திக்கலாமேன்னு தோணும். சுத்தலாம், ஆனா லூர் தண்ணியில இழுக்கற கனம் முழுக்க உங்க மணிக்கட்டுலதான் ஏறும்.

இப்ப எல்லாரும் பயப்படற பேக்லாஷ். லூர் காத்துல வேகம் குறையுது, ஸ்பூல் குறையாம சுத்துது, வெளிய போக வழியில்லாத லைன் உள்ளயே பொங்கி வழியுது. அவ்வளவுதான் விஷயம். இங்க கைப்பிடிப் பக்கம் சின்னதா ஒரு திருகு இருக்கு பாருங்க, ஸ்பூல் டென்ஷன். லூரைக் கட்டி ராடைக் கிடையாப் பிடிச்சு, ஸ்பூலை விடுவிக்கற கட்டையை அமுக்கி விடுங்க. லூர் மெதுவா இறங்கணும், தரையைத் தொட்டதும் ஸ்பூல் அரைச் சுத்துக்கு மேல ஓடக் கூடாது. ஓடினா இன்னும் இறுக்குங்க. அப்புறம் எதிர்ப் பக்கத்துல பிரேக். பத்துவரை எண் இருந்தா 8ல ஆரம்பிங்க, கை பழகப் பழக ஒவ்வொண்ணாக் குறைங்க. லூர் எடை மாறினா டென்ஷனை மறுபடி பாக்கணும். இதை மறந்துட்டுத்தான் முக்கால் அவுன்ஸ்ல இருந்து கால் அவுன்ஸுக்கு மாறின மொத வீச்சிலயே சிக்கு. லூர் தண்ணியைத் தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி கட்டை விரலால ஸ்பூலை நிறுத்திடுங்க. எதிர்க்காத்துல வீசிப் பழகாதீங்க, மனசு விட்டுப் போகும்.

சிக்கு விழுந்துட்டா பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா முடிச்சா இறுகிடும். கட்டை விரலை ஸ்பூல் மேல அழுத்தமா வச்சுக்கிட்டே கைப்பிடியை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. அப்புறம் கட்டையை அமுக்கி லைனை மெதுவா உருவுங்க. பாதிச் சிக்கு தானாவே வந்துடும். ஃப்ளூரோகார்பனா இருந்தா மடிஞ்ச இடம் எங்கன்னு தேடி வெட்டுங்க. அடுத்த பெரிய வீச்சுல அங்கதான் பட்டுனு போகும், லூரோட.

ஸ்பின்னிங்ல சிக்கு வேற மாதிரி. வீசினதும் லைனைப் பிடிக்கற பெயில் கம்பியைக் கைப்பிடி சுத்தி மூடாதீங்க, கையால மூடி லைனை ஒரு இழுப்பு இழுங்க. தளர்ந்த ஒரு வளையம் ஸ்பூல்ல உக்காந்துச்சுன்னா பத்து வீச்சு கழிச்சு மொத்தமாக் கொத்தா வரும்.

லைன் ஏத்தறப்ப ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழ வரைக்கும். பிரெய்டை நேரா வழவழப்பான ஸ்பூல்ல கட்டினா மொத்தச் சுருளும் ஸ்பூல் மேலயே வழுக்கிச் சுத்தும், டிராக், அதாவது மீன் பலமா இழுத்தா லைனை நழுவ விடற அமைப்பு, கெட்டுப் போச்சுன்னு நினைப்பீங்க. மொதல்ல பத்துப் பன்னெண்டு கஜம் மோனோ சுத்திட்டு மேல பிரெய்டு ஏத்துங்க. ஈரத்துணியில லைனைப் பிடிச்சு நல்லா இறுக்கமா ஏத்துங்க. லூசா ஏறின பிரெய்டு, பெரிய மீன் இழுக்கறப்ப அடிச்சுத்துக்குள்ள புதைஞ்சு சிக்கிக்கும்.

டிராக் எவ்வளவு? லைன் வலுல கால் பங்கு, மிஞ்சினா முப்பது சதவீதம். 12 பவுண்டு லைனுக்கு 3 பவுண்டு. ஊருக்குப் போறப்ப பெட்டி எடை பாக்கற கைத்தராசு வீட்டுல கண்டிப்பா இருக்கும். அதைக் கொக்கியில மாட்டி இழுங்க, லைன் நழுவ ஆரம்பிக்கற எண்ணைப் பாருங்க. தவளைக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, நல்லா இறுக்கிடுங்க. வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைங்க, இல்லன்னா உள்ள இருக்கற வாஷர் அமுங்கிப் போகும்.

ஒரே ஒரு செட்டுக்குத்தான் பட்ஜெட்னா, 7 அடி மீடியம் ஃபாஸ்ட் ஸ்பின்னிங், 2500 ரீல், 15 பவுண்டு பிரெய்டு, 8 பவுண்டு லீடர். மலிவு பேட்காஸ்டர் ஒண்ணை வாங்கி அதுகூட மல்லுக்கட்டறதுக்கு இது எவ்வளவோ மேல். ரெண்டாவது வாங்கறப்ப மொதல்ல காட்டின இந்த மீடியம் ஹெவி ராடு, பேட்காஸ்டர், மேல 15 பவுண்டு ஃப்ளூரோ. கை பழகற வரைக்கும் மட்டும் 14 பவுண்டு மோனோ, சிக்கு விழுந்தாலும் நஷ்டம் கம்மி.

ராடு வாங்கினதும் காது குடையற பஞ்சுக்குச்சி ஒண்ணை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டுச் சுத்துங்க. இழை எங்கயாவது மாட்டினா அந்த வளையத்துல கீறல் இருக்கு. லைன் அங்கதான் அறும். அந்த ராடைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்குங்க.